விண்டோஸ் 10 முடிகிறது: நேர் டெபியனா, அலங்காரம் செய்த லினக்ஸா?

கேள்வி · 21 செப்டம்பர் 2025

அண்ணே, தேவகோட்டையில் பலகாரக் கடை வைத்திருக்கிறேன். முறுக்கு, மனகோலம், சீப்புச் சீடை, அதிரசம். கடையில் 2 கம்ப்யூட்டர், இரண்டிலும் விண்டோஸ் 10. அக்டோபர் 14க்கு மேல் அப்டேட் வராது என்கிறார்கள், விண்டோஸ் 11 இரண்டிலும் ஏறாது. யூட்யூபில் ஒருத்தர் விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற இலவச லினக்ஸில் விண்டோஸ் மாதிரியே இருக்கிற ஒன்றைக் காட்டினார், ஸ்டார்ட் பட்டன்கூட அதே இடத்தில். உங்களிடம் கேட்டால் "டெபியன் போடு, மத்ததெல்லாம் வேண்டாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். ஏன் என்று சொல்லுங்கள். தீபாவளி ஆர்டர் வருவதற்குள் முடிவு எடுக்கணும்.

21 செப்டம்பர், இரவு

ஒரு வரியில் சொன்னது தப்புதான். அன்றைக்குக் கல்லுக்கட்டியில் பைக்கில் நின்றுகொண்டு பதில் அடித்தேன். லினக்ஸில் பல வகை உண்டு, டெபியன் அதில் ஒன்று, தன்னார்வலர்கள் நிறையப் பேர் சேர்ந்து செய்வது. அதை எடுத்து மாற்றி வேறு பெயரில் தருகிறவர்களும் உண்டு.

காரணம் 2019இல் இருக்கிறது. காரைக்குடியில் லேபிள், நோட்டீஸ் அடிக்கிற ஒரு கடைக்கு நீ சொன்ன மாதிரியான ஒன்றைத்தான் போட்டுக்கொடுத்தேன். பெயர் வேண்டாம், டெபியனை எடுத்து மேலே விண்டோஸ் தோல் போர்த்தியது. கடைக்காரருக்கு அவ்வளவு சந்தோஷம், எனக்கும் அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது, டீ வாங்கிக் கொடுத்தார். இரண்டு வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை. அப்புறம் ஒரு நாள் அப்டேட் கொடுத்தால் சர்வரே இல்லை என்கிறது. தேடிப் பார்த்தால் அதைச் செய்துகொண்டிருந்தவர் ஒரே ஆள், அவருக்கு வேறு வேலை கிடைத்திருக்கிறது, தளத்தை மூடிவிட்டுப் போய்விட்டார். அவர்மேல் கோபமில்லை, இலவசமாகச் செய்தவர்.

சரி, அடியில் இருப்பது டெபியன்தானே, அப்டேட் முகவரியை டெபியன் பக்கம் திருப்பிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். அந்த மனிதர் டெபியனின் சில அடிப்படைப் பேக்கேஜ்களை (மென்பொருள் பொட்டலங்களை), பெயரை மாற்றாமல் உள்ளே மட்டும் மாற்றி, பதிப்பு எண்ணைப் பெரிதாக வைத்திருந்தார். பேக்கேஜ் நிர்வாகிக்குத் தெரிந்ததெல்லாம் எண் கணக்குதான், பெரிய எண் ஜெயிக்கும். டெபியன் பாதுகாப்பு ஓட்டையை அடைத்துப் புதுப் பேக்கேஜ் அனுப்பினால், "என்னிடம் இருப்பது இதைவிடப் புதுசு" என்று சிஸ்டம் வாங்க மறுக்கிறது. பிரவுசர் பழசாகிப் பாங்க் தளம் உள்ளே விடவில்லை. கடைசியில் தீபாவளிக்கு 6 நாள் இருக்கும்போது எல்லாவற்றையும் துடைத்து முதலிலிருந்து போட்டேன். கடைக்காரர் அந்தத் தடவை டீ கொடுக்கவில்லை.

டெபியன் 1993 ஆகஸ்டில் ஐயன் மர்டாக் அறிவித்தது. அவர் விலகிப் போனார், 2015இல் இறந்தும் போனார், அது நிற்கவில்லை. டெபியன் 13 போன மாதம் 9ஆம் தேதி வந்திருக்கிறது, 5 வருஷம் பாதுகாப்பு அப்டேட் வரும். பலகாரக் கடைக்கு வேறென்ன வேண்டும்?

22 செப்டம்பர்

மேலே 5 வருஷம் என்று எழுதியதைக் கொஞ்சம் திருத்த வேண்டும். முதல் 3 வருஷம் டெபியனின் சொந்தப் பாதுகாப்புக் குழு, அதற்கு மேல் 2 வருஷம் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) என்கிற தனிக் குழு, அதுவும் எல்லா வகை பிராசசருக்கும் கிடையாது. உன் மெஷின் வகைக்கு உண்டு. பயனருக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் 5 வருஷமும் ஒரே ஆட்கள் பார்க்கிற மாதிரி எழுதியது சரியில்லை.

24 செப்டம்பர்

ஒரு லினக்ஸை எடுத்து மாற்றிச் செய்த இன்னொன்றை நான் பேச்சில் "திரிபு" என்று சொல்வதை ஒரு நண்பர் (தமிழாசிரியர், வேறு எப்படி இருப்பார்) பிடித்துக்கொண்டார். திரிபு என்றாலே திரிந்த பால் மாதிரி கெட்டுப்போனது என்ற அர்த்தம் வந்துவிடுகிறது, "வழிவந்தது" என்று சொல் என்கிறார். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவரே ஒரு நல்ல கருவியையும் கையில் கொடுத்துவிட்டுப் போனார்: நன்னூலில் விகாரம், அதாவது சொற்கள் சேரும்போது வருகிற மாற்றம், மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ததற்கு இப்போதுதான் பயன் கிடைத்திருக்கிறது.

தோன்றல் என்றால் மூலத்தில் இல்லாததைச் சேர்ப்பது. எழுத்துரு, தீம், வால்பேப்பர், வீடியோ கோடெக். இதில் ஆபத்து ஒன்றுமில்லை, நேர் டெபியன் போட்டுவிட்டு நாமே சேர்த்துக்கொள்ளலாம்.

கெடுதல், இருந்ததை எடுத்துவிடுவது. அதுவும் பெரிய விஷயமில்லை, வேண்டுமானால் திரும்பப் போட்டுக்கொள்கிறோம்.

திரிதல்தான் 2019இல் என்னைக் கவிழ்த்தது. பெயர் அதேதான், உள்ளே வேறு. டெபியன் வழிவந்த உபுண்டுவையே பாருங்கள். 22.04இலிருந்து, அதாவது 2022இலிருந்து, ஃபயர்ஃபாக்ஸை வழக்கமான முறையில் நிறுவச் சொன்னால் வருவது வெறும் கைகாட்டி, அது போய் ஸ்னாப் (உபுண்டுவின் தனிப் பேக்கேஜ் முறை) வடிவ ஃபயர்ஃபாக்ஸைக் கொண்டுவந்து வைக்கும். ஸ்னாப் நல்லதா கெட்டதா என்ற சண்டைக்குள் நான் வரவில்லை. கேட்டது ஒன்று, வந்தது ஒன்று. உபுண்டுவிலிருந்து வந்த லினக்ஸ் மின்ட் 2020இலேயே, அதன் 20ஆம் பதிப்பில், ஸ்னாப் தானாக உள்ளே வராதபடி தடுத்து வைத்தது. ஆக அப்பன் திரித்ததை மகன் நேராக்குகிறான். பேரன் என்ன செய்வானோ.

25 செப்டம்பர்

"அப்படியானால் மின்ட் போடக் கூடாதா" என்று 4 பேர் கேட்டாகிவிட்டது. போடலாம். மின்ட் ஒரு ஆள் கடையில்லை, 2006லிருந்து இருக்கிறது. என் தங்கை வீட்டில் மின்ட்தான் ஓடுகிறது, நான்தான் போட்டேன், இதுவரை ஒரு போன்கூட வரவில்லை (வேறு விஷயத்துக்கு வருகிறது). நான் வேண்டாம் என்பது யூட்யூபில் அழகாகத் தெரிகிற, யார் செய்கிறார்கள், எத்தனை பேர், நாளைக்கு இருப்பார்களா என்று தெரியாத சமாச்சாரத்தை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023 வரைக்கும் நானே வாடிக்கையாளர்களுக்கு நேர் டெபியன் போட்டதில்லை. வைஃபை வேலை செய்யாது. கட்டற்றதல்லாத (யாரும் திறந்து மாற்ற உரிமை தராத) ஃபர்ம்வேரை, அதாவது வைஃபை மாதிரியான பாகங்களை ஓட்டும் நிரலை, அதிகாரபூர்வ நிறுவல் கோப்பில் சேர்க்க மாட்டோம் என்று அவர்கள் கொள்கை வைத்திருந்தார்கள், நாம் லேப்டாப்பை வைத்துக்கொண்டு வயர் தேடி அலைய வேண்டும். வழிவந்த டிஸ்ட்ரோக்கள் (லினக்ஸ் வகைகள்) பாதிக்கு மேல் பிழைத்தது இதனால்தான் என்பது என் கணிப்பு. 2022 அக்டோபரில் ஓட்டெடுப்பு நடத்தி மாற்றிக்கொண்டார்கள், 2023 ஜூனில் வந்த டெபியன் 12இலிருந்து ஃபர்ம்வேர் உள்ளேயே வருகிறது. அதற்கு அப்புறம்தான் நான் இப்படிப் பேச ஆரம்பித்தேன். எனவே பெரிய கொள்கைவீரன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

28 செப்டம்பர்

பள்ளத்தூர்க்காரர் ஒருவர் கேட்டிருப்பதை அப்படியே போடுகிறேன்: "ஒரே ஆள் செய்தால் விட்டுவிட்டுப் போய்விடுவான் என்கிறீர். ஆயிரம் பேர் சேர்ந்து செய்வது மட்டும் எப்படி உருப்படும்? நம்ம ஊரில் 40 பங்குக்காரர் வீடு எது ஒழுங்காக இருக்கிறது?"

சிரித்துவிட்டேன், ஏனென்றால் அடி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. சிசிடிவி வேலைக்காகக் கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் தரை, முகப்பிலிருந்து பார்த்தால் பின்கட்டு வரைக்கும் வாசல் வாசலாக நேர்கோட்டில் தெரியும். வளவில் ஒரு மூலையில் ஓடு உடைந்து மழைக்கு ஒழுகுகிறது. 4 ஓடு மாற்ற வேண்டும், அவ்வளவுதான். ஒரு பங்குக்காரர் சென்னை, ஒருவர் கோலாலம்பூர், ஒருவர் போனையே எடுப்பதில்லை. 3 வருஷமாக அதே இடத்தில் அதே அண்டா.

ஆனால் அந்த வீட்டுக்குச் சட்டம் கிடையாது, டெபியனுக்கு இருக்கிறது. 1997இல் சமூக ஒப்பந்தம் என்று ஒன்று எழுதினார்கள், 1998இல் அமைப்புச் சட்டம். வருஷா வருஷம் தலைவர் தேர்தல், தீராத சண்டை வந்தால் ஓட்டு. மேலே சொன்ன ஃபர்ம்வேர் சண்டை எத்தனையோ வருஷம் ஓடியது, கடைசியில் ஓட்டில்தான் தீர்ந்தது. ஓடு மாற்ற 3 வருஷம் ஆகலாம், ஆனால் மாற்றுவதற்கு ஒரு வழி எழுதி வைத்திருக்கிறார்கள்.

(அந்த வீட்டு ஆச்சியிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். "ஓட்டுப் போட்டா ஓடு வந்துருமாப்பா?" என்றார்.)

2 அக்டோபர்

இதை எழுதாமல் தப்பிக்கலாம் என்று பார்த்தேன், ஒருவர் விடவில்லை. "திரிதல் கூடாது என்கிறீரே, டெபியன் 2008இல் என்ன செய்தது?" என்று ஒரு வரி. தெரிந்தவர்களுக்கு அந்த ஒரு வரி போதும். தெரியாதவர்களுக்கு:

ஓப்பன்எஸ்எஸ்எல் என்பது இணையப் பாதுகாப்புக்கு அடிப்படையான ஒரு நிரல்தொகுதி. 2006இல் டெபியன் பராமரிப்பாளர் ஒருவர், சோதனைக் கருவி ஒன்று எச்சரிக்கை காட்டுகிறதே என்று அதன் மூலநிரலில் ஒரு சின்ன மாற்றம் செய்தார். அந்த மாற்றத்தோடு எதேச்சை எண்ணுக்கான ஆதாரமே போய்விட்டது, மிஞ்சியது புராசஸ் எண் (ஓடுகிற நிரலுக்குச் சிஸ்டம் கொடுக்கிற வரிசை எண்) மட்டும். கோடி கோடியாக இருக்க வேண்டிய ரகசியச் சாவிகள், ஒவ்வொரு வகைக்கும் 32,768க்குள் அடங்கிவிட்டன. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே பூட்டைத் திறந்துவிடலாம். லூசியானோ பெல்லோ என்கிற நிரலாளர் கண்டுபிடித்து, 2008 மே 13இல் அறிவித்தார்கள். ஏறக்குறைய 2 வருஷம் யாருக்கும் தெரியவில்லை. உபுண்டு உட்பட வழிவந்தவர்களுக்கும் அதே ஓட்டை சீதனமாகப் போயிருந்தது. மூல ஓப்பன்எஸ்எஸ்எல்லில் இந்தத் தவறு இல்லை. திரித்தது டெபியன்.

2024இலும் ஒன்று. மார்ச் 29, எக்ஸ்இசட் என்கிற கோப்புச் சுருக்க நூலகத்தில் ஒளித்து வைத்த கள்ளக்கதவு. எஸ்எஸ்ஹெச் (தூரத்திலிருந்து ஒரு கம்ப்யூட்டருக்குள் நுழைகிற வழி) உள்நுழைய அரை நொடி கூடுதலாக எடுக்கிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்கிற நிரலாளர் துருவிக் கண்டுபிடித்தது. மூல ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சுக்கு எக்ஸ்இசட் நூலகம் தேவையே இல்லை. லினக்ஸில் சேவைகளைத் துவக்கிப் பார்த்துக்கொள்கிற சிஸ்டம்டியோடு பேச வைப்பதற்காக டெபியன், ஃபெடோரா போன்றவர்கள் ஒட்டுப் போட்டிருந்தார்கள், அந்த ஒட்டு வழியாகத்தான் நூலகம் உள்ளே வந்தது. டெபியனின் நிலையான பதிப்புக்குள் அது வரவில்லை, சோதனைப் பதிப்பு, சிட் என்கிற நிலையற்ற பதிப்பு இவற்றோடு நின்றுவிட்டது. சிட் என்று அவர்கள் பெயர் வைத்திருப்பதே பொம்மைகளை உடைக்கிற ஒரு சினிமாப் பையனின் பெயரைத்தான், அதைப் பயன்படுத்துகிறவன் தெரிந்துதான் பயன்படுத்துகிறான்.

ஆகவே நான் "நேர்" என்று சொல்வது எவ்வளவு நேர்? டெபியனும் ஆயிரக்கணக்கான பேரின் மென்பொருளை வாங்கி, வெட்டி, ஒட்டித்தான் தருகிறது. திரிக்காத டிஸ்ட்ரோ உலகத்தில் கிடையாது. அப்படியானால் முதல் நாள் நான் போட்ட கோடு தப்பான இடத்தில் இருக்கிறது. திரித்தானா இல்லையா என்பதில்லை, திரித்ததை எங்கே எழுதி வைத்திருக்கிறான், எத்தனை கண் அதைப் பார்க்கிறது என்று கேட்க வேண்டும். எங்கப்பா ஜவுளிக் கடையில் கணக்கு எழுதினவர். பேரேட்டில் அடித்து எழுதலாம், ஆனால் பக்கத்தில் தேதி போட்டுக் கையெழுத்து வேண்டும் என்பார். டெபியனில் ஒவ்வொரு பேக்கேஜோடும் அந்த மாற்றக் குறிப்பேடு வருகிறது, நம் மெஷினுக்குள்ளேயே கிடக்கிறது, யாரும் படிப்பதில்லை. 2006இல் அந்த மாற்றமும் பகிரங்கமாகத்தான் நடந்தது. அப்படியும் 2 வருஷம். இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

3 அக்டோபர்

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டுத் தேவகோட்டைத் தம்பி போன் செய்து "அண்ணே, இப்ப நான் எதைத்தான் போடறது?" என்கிறான். டெபியன்தான்டா.

5 அக்டோபர்

சிக்கல். கடையின் பழைய மெஷின் 32 பிட் என்கிறான். டெபியன் 13இல் 32 பிட் பிசிக்கு நிறுவல் கோப்பே கிடையாது, கர்னலும் (இயங்குதளத்தின் கரு) இல்லை. அப்படியானால் அதற்கு டெபியன் 12, அது எல்டிஎஸ்ஸோடு சேர்த்து 2028 ஜூன் வரைக்கும். இல்லையென்றால் ஆக்ரிக்கடைக்கு. மூலமே கைவிட்டால் வழிவந்தவன்தான் காப்பாற்றுவான் என்று இரண்டு பேர் உடனே எழுதிவிட்டார்கள், அதில் ஒருவருக்கு ரொம்பவே சந்தோஷம்.

12 அக்டோபர்

இன்றைக்கு நேரில் போய்விட்டேன். ஞாயிற்றுக்கிழமை, அடுப்படியில் 3 வாணலி ஓடுகிறது, கீபோர்டில் எண்ணெய்.

மெஷின் 32 பிட் இல்லை. கோர் 2 டுவோ. யாரோ ஒரு காலத்தில் ராம் 2 ஜிபிதானே என்று 32 பிட் விண்டோஸைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். சிஸ்டம் விவரத்தைத் திறந்தால் "32 பிட் இயங்குதளம், எக்ஸ்64 பிராசசர்" என்று ஒரே வரியில் இரண்டும் இருக்கிறது. தம்பி முதல் பாதியைப் படித்தான், நான் படிக்கவே இல்லாமல் ஒரு வாரம் அளந்துகொண்டிருந்தேன். 5ஆம் தேதி எழுதியது பொதுவாகச் சரி, இந்தக் கடைக்குப் பொருந்தாது.

ராமை 4 ஜிபி ஆக்கி, ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டு, டெபியன் 13, எக்ஸ்எஃப்சிஇ என்கிற இலகுவான திரைமுகம். பில் அடிக்கிற எப்சன் டாட் மேட்ரிக்ஸை கப்ஸ் (பிரிண்டரைப் பார்த்துக்கொள்கிற நிரல்) பட்டியலில் "எப்சன் 9 பின்" என்று கொடுத்ததும் கர்ரென்று அடித்தது. எழுதுவதற்குத் தமிழ்99 விசைப்பலகை, ஐபஸ் என்கிற உள்ளீட்டு நிரல் வழியாக. அவன் அக்கா பழைய டைப்ரைட்டர் பழக்கத்தில் கொம்பை முதலில் அடித்துவிட்டு எழுத்தைத் தேடுகிறார், இரண்டு நாளில் சரியாகிவிடும்.

இரண்டாவது மெஷினைத் தொடவில்லை. அதில் டாலி என்கிற கணக்கு மென்பொருள் இருக்கிறது, ஆடிட்டருக்கு டாலி வேண்டும், லினக்ஸில் டாலி நேராக ஓடாது. அதற்குப் பதிலாக விண்டோஸ் 11 வருகிற ஒரு மெஷின் வாங்கச் சொல்லிவிட்டேன். இதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். 3 வாரமாக இவ்வளவு எழுதியதில், பில்லை எதில் போடுகிறாய் என்று ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை.

வரும்போது ஒரு டப்பா மனகோலம்.

26 அக்டோபர்

தீபாவளி முடிந்தது, இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

17ஆம் தேதி, ஆர்டர் உச்சத்தில் இருக்கும்போது, லேபிளுக்குத் தடித்த எழுத்துரு ஒன்றைத் தம்பி இறக்கிப் போட்டிருக்கிறான். லிப்ரே ஆபிஸ் பட்டியலில் பெயர் வருகிறது, தேர்ந்தெடுத்தால் எழுத்து மாறவே இல்லை, அதே ஒல்லி எழுத்து. இரண்டு மணி நேரம் நெட்டில் தேடியிருக்கிறான். யாரும் இப்படி ஒரு பிரச்சினையைச் சொல்லவே இல்லை. என்னைக் கூப்பிட்டால் நான் சிவகங்கையில் ஒரு சாவு வீட்டில், போன் சைலன்ட்டில்.

காரணம் நான். டெபியன் போட்டதும் ஓட்டுவதற்கு 40 வரியில் ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன், எல்லாக் கடையிலும் அதைத்தான் ஓட்டுவேன். அதில் ஒரு வரி, தமிழ் எழுத்து எங்கே வந்தாலும் எனக்குப் பிடித்த ஒரு எழுத்துருவையே முன்னால் நிறுத்து என்று சிஸ்டம் அமைப்பில் ஒரு கோப்பை எழுதி வைக்கும். எப்போதோ ஒரு பிரவுசரில் தமிழ் அசிங்கமாகத் தெரிந்தது என்று போட்ட வரி, மறந்தே போனேன். உலகத்தில் எந்த டெபியன் கையேட்டிலும் அந்தக் கோப்பு இருக்காது. அதனால் தம்பி எங்கே தேடினாலும் விடை கிடைக்காது. நெட்டில் இருப்பது டெபியனுக்கான விடை, அவன் கடையில் ஓடியது நான் திரித்த டெபியன். பராமரிப்பாளர் ஒரே ஆள், அவரும் சாவு வீட்டில்.

கிரஞ்ச்பேங் என்று அழகான ஒரு டிஸ்ட்ரோ இருந்தது, டெபியன் வழிவந்தது. அதைச் செய்த பிலிப் நியூபரோ 2015 பிப்ரவரியில், இனி இதற்குத் தேவையில்லை, பயனர்கள் நேராக டெபியனையே எடுத்துக்கொள்வது நல்லது என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். என் 40 வரியையும் அப்படி நிறுத்த முடியுமா என்று பார்த்தேன். 40இல் 29 வரி டெபியன் களஞ்சியத்திலேயே இருக்கிற பேக்கேஜ்களைக் கூப்பிடுவதுதான், அதாவது தோன்றல். 7 வரி எதற்கென்று எனக்கே ஞாபகமில்லை, எடுத்துவிட்டேன். ஒன்றும் கெடவில்லை. மிச்சம் 4. அதைத் தாளில் எழுதி, தேதி போட்டு, தேவகோட்டைக் கடைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியாகிவிட்டது.

9 நவம்பர்

பாஸ் லினக்ஸ் பற்றி ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டவருக்கு: சொல்ல நிறைய இருக்கிறது, தனியாக எழுத வேண்டும். மத்திய அரசின் சிடாக் நிறுவனம் 2007இல் டெபியனிலிருந்து எடுத்துச் செய்தது, இந்திய மொழிகளுக்காக. 2011இல் ஆரம்பித்த இலவச லேப்டாப்பில் விண்டோஸ் பக்கத்திலேயே அதுவும் இருந்தது. அப்போது தினம் 3 பையன்களாவது கடைக்கு வந்து "அண்ணே, பாஸைத் தூக்கிடுங்க" என்பார்கள். நானும் தூக்கிக்கொண்டே இருந்தேன், 50 ரூபாய். ஒருத்தன் மட்டும் "விண்டோஸைத் தூக்கிடுங்கண்ணே" என்றான். அவனை நன்றாக ஞாபகம் இருக்கிறது, காசு வாங்கவில்லை.

14 டிசம்பர்

தேவகோட்டை போயிருந்தேன். மெஷின் நன்றாக ஓடுகிறது, அப்டேட்டைத் தம்பியே கொடுக்கிறான், அக்கா தமிழ்99இல் வேகமாக அடிக்கிறார். திரையில் மட்டும் பச்சைப் புல்மேடு, நீல வானம், அந்தப் பழைய விண்டோஸ் எக்ஸ்பி படம். எங்கிருந்தோ இறக்கிப் போட்டிருக்கிறார்கள். என்னப்பா இது என்றேன். "பார்க்க விண்டோஸ் மாதிரியே இருக்குல்லண்ணே" என்கிறான்.

தோன்றல்தான். ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன்.